சிங்கப்பூர் – நியூயார்க் தூரம் 5,320 கி.மீ. என்று வருகிறதே, எங்கே தப்பு?

கேள்வி
எக்செலில் தூரமும் பயண நேரமும் கணக்கிட ஒரு தாள் போட்டிருக்கிறேன். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம்: 1.36, 103.99. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம்: 40.64, 73.78. சூத்திரம்:

6371 × ஆர்க்காஸ்( சைன் அ1 × சைன் அ2 + காஸ் அ1 × காஸ் அ2 × காஸ்(தீ2 − தீ1) )

அ அட்சரேகை, தீ தீர்க்கரேகை. கோணங்களை ரேடியனுக்கு மாற்றித்தான் போட்டேன். சென்னை–சிங்கப்பூர் 2,925 என்று சரியாக வருகிறது. இது மட்டும் உதைக்கிறது.

பதில் 1
சூத்திரத்தில் குறையில்லை. நியூயார்க் மேற்கில் இருக்கிறது, தீர்க்கரேகையை −73.78 என்று போடுங்கள். குறி இல்லாததால் வித்தியாசம் 177.77 பாகைக்குப் பதில் 30.21 ஆகிவிட்டது. சென்னையும் சிங்கப்பூரும் கிழக்கில் இருப்பதால் அங்கே இது வெளியே தெரியவில்லை. சிட்னி போட்டால், அது தெற்கில் இருப்பதால் அட்சரேகைக்குக் கழித்தல் குறி வேண்டும்.

இன்னொன்று: சில பட்டியல்களில் 40.38 என்று இருக்கும். அது 40 பாகை 38 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). 38-ஐ 60-ஆல் வகுத்து 40.63 என்று போட வேண்டும்.

கேட்டவர்
15,340 வந்துவிட்டது, நன்றி. ஆனால் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 17 மணி நேரம். விமான அட்டவணையில் பதினெட்டரைக்கு மேல் போட்டிருக்கிறார்களே?

பதில் 2
15,340 என்பது பூமியை உருண்டையாக வைத்துக் கிடைக்கும் மிகக் குறுகிய பாதை. அது வட துருவத்திலிருந்து 300 கி.மீ.க்குள் போகிறது. சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாக ஏற வேண்டும். நிஜத்தில் விமானம் பெரும்பாலும் பசிபிக் பக்கம் போகும். அங்கே மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளும். 2018-இல் நியூயார்க் அருகிலுள்ள நுவர்க் விமான நிலையத்துக்கு இடைநில்லாச் சேவையை மறுபடி தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொன்ன தூரமே சுமார் 16,700 கி.மீ.

அந்த 900 காற்றுக்குள் விமானத்தின் வேகம், தரைமேல் வேகம் அல்ல. சராசரியாக மணிக்கு 60 கி.மீ. பின்காற்று என்று வையுங்கள்: 16,700 ÷ 960, ஏறக்குறைய 17 மணி 25 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, அதற்கு 20 நிமிடம். அட்டவணை நேரம் நிறுத்துமிடத்திலிருந்து நிறுத்துமிடம் வரை. தரையில் உருள 30–40 நிமிடம் சேருங்கள். மேலே கொஞ்சம் தாமதத்துக்கும் இடம் விடுவார்கள். கணக்கு நேராகிவிடும்.

கேட்டவர்
அப்படியானால் திரும்பும்போது எதிர்காற்றில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுமா?

பதில் 2
இந்தத் தடத்தில் அப்படி இல்லை, அதுதான் இதன் அழகு. தீர்க்கரேகை வித்தியாசம் கிட்டத்தட்ட 180 என்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரம் பெரிதாக மாறாது. ஆகவே திரும்பும் விமானம் பெரும்பாலும் அட்லாண்டிக், ஐரோப்பா பக்கம் வரும்; அங்கேயும் கிழக்கு நோக்கிய பறப்புதான். சென்னை–லண்டன் தடத்துக்கு இந்த வசதி கிடையாது. அங்கே போவதற்கும் வருவதற்கும் தனித்தனி வேகம் போடுங்கள்.

பதில் 1
தாளில் புறப்பாட்டையும் வருகையையும் உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றிவிட்டுக் கழியுங்கள். சிங்கப்பூர் +8 மாறாது. நியூயார்க் குளிர்காலத்தில் −5. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை −4. நள்ளிரவு 12-க்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடத்தில் சேர்ந்தால் கோடையில் அதே நாள் காலை 6:40, குளிர்காலத்தில் 5:40.