மறு: 'பன்மை அறியாமை' பொருந்துமா? (காலநிலை உளவியல்)

வணக்கம்.

நம் கலைச்சொல் தொகுப்பில் சேர்ப்பதற்காகக் கேட்கிறேன்: காலநிலைக் கட்டுரைகளில் 'பன்மை அறியாமை' என்ற சொல் பரவி வருகிறது. 1931இல் உளவியலாளர்கள் காட்ஸும் ஆல்போர்ட்டும் வைத்த ஆங்கிலப் பெயரின் (pluralistic ignorance) நேர்ப்பெயர்ப்பு இது. படிப்பவர் 'பன்முகத்தன்மையை அறியாதது' என்றே புரிந்துகொள்வார். உண்மையில் கருத்து வேறு: பலரும் உள்ளுக்குள் ஒன்றை விரும்புகிறார்கள், மற்றவருக்கு அக்கறையில்லை என்று நினைத்து ஒவ்வொருவரும் பேசாதிருக்கிறார்கள், அந்த மௌனமே அடுத்தவருக்குச் சான்றாகிவிடுகிறது.

2024இல் வெளியான 125 நாட்டு ஆய்வில், மாத வருமானத்தில் 1 விழுக்காட்டைக் காலநிலைக்காகத் தருவீர்களா என்று ஏறத்தாழ 1,30,000 பேரைக் கேட்டார்கள். 69% பேர் தருவோம் என்றார்கள். உங்கள் நாட்டில் 100 பேரில் எத்தனை பேர் தருவார்கள் என்றதற்கோ சராசரி விடை 43. இந்த 26 புள்ளி இடைவெளிக்குத்தான் பெயர் வேண்டும். 'பெரும்பான்மை மயக்கம்' சரிவருமா?

---

> 'பெரும்பான்மை மயக்கம்' சரிவருமா?

நல்ல சொல், ஆனால் மனிதர்களின் தொடர்புகளை ஆராயும் வலையமைப்பு ஆய்வில் இன்னொன்றுக்கு அது தேவைப்படும். தொடர்புகள் மிகுந்த சிலர் எல்லார் கண்ணிலும் படுவதால் சிறுபான்மைக் கருத்து பெரும்பான்மைபோலத் தோன்றுவது அது. அங்கே காரணம் வலையின் அமைப்பு, இங்கே மௌனம்.

'பிறர்மன மயக்கம்' என்றால் 'பிறர்மனை' என்று கண் இடறும். 'குறைமதிப்பு'ம் போதாது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்து 1993இல் வெளியான ஆய்வில், குடிப்பழக்கத்தைச் சக மாணவர்கள் தம்மைவிட இயல்பாக எடுத்துக்கொள்வதாக அவர்கள் மிகையாகக் கணித்தார்கள். பிழை இரு பக்கமும் போகும்.

'பிறரெண்ணப் பிழைக்கணிப்பு' என்று வைக்கலாம். 'கருத்து' என்று வைக்காததற்குக் காரணம்: கருத்து வெளியே சொன்னது, எண்ணம் உள்ளே இருப்பது. பிழையாகக் கணிக்கப்படுவது எண்ணம்தான்.

---

நீளம்தான், ஆனாலும் ஏற்கிறேன். 'எல்லாரும் என்னைப்போலத்தான் நினைக்கிறார்கள்' என்பதற்குப் 'போலி ஒருமிப்பு' என்று தனிப்பதிவு வேண்டும், இரண்டையும் குழப்புகிறார்கள். காலநிலை மறுப்புக்கும் 'பிறரெண்ணப் பிழைக்கணிப்பை'ப் பயன்படுத்தக் கூடாது: மறுப்பவர் அறிவியலை ஏற்காதவர், பிழையாகக் கணிப்பவர்கள் ஏற்றுக்கொண்டும் பேசாதவர்கள்.

அளக்கும் முறையையும் பதிவில் எழுதுவோம். தன் நிலை, பிறர் பற்றிய கணிப்பு என்று இரு கேள்விகள். இரண்டும் ஒரே மக்கள்தொகையைச் சுட்ட வேண்டும். நாட்டைப் பற்றிக் கணிக்கச் சொல்லிவிட்டு ஒரு கல்லூரியின் விடைகளோடு ஒப்பிட்டால், கிடைக்கும் இடைவெளி மாதிரியின் கோளாறாகவும் இருக்கலாம்.

எடுத்துக்காட்டுத் தொடர்: 'பிறரெண்ணப் பிழைக்கணிப்பால், பேருந்துத் தடத்தை விரும்பிய குடியிருப்போர் கூட்டத்தில் ஒருவரும் அதை முன்மொழியவில்லை.'