குளிர்காலத்தில் பென் நெவிஸ் ஏறுவதற்குக் கோடை அனுபவம் போதுமா?

கேள்வி:
நண்பர்கள் ஆறு பேர் ஜனவரி முதல் வாரத்தில் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் ஏறத் திட்டமிட்டிருக்கிறோம். எங்களில் இருவர் ஒரு ஜூலை மாதத்தில் உச்சிவரை சென்று திரும்பியவர்கள். உயரம் 1345 மீட்டர்தான், கடைசிவரை பாதை இருக்கிறது, ஆகவே விளையாட்டுக் காலணி, ஜீன்ஸ், கைப்பேசி வரைபடம் ஆகியவையே போதும் என்று அவர்கள் வாதிடுகிறார்கள். என் மனம் ஒப்பவில்லை. அவர்களிடம் எதை எடுத்துச் சொல்வது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அவர்கள் நம்பியிருக்கும் அந்தப் பாதையைப் பற்றியே பேசுங்கள். வளைந்து வளைந்து ஏறும் மேற்பகுதியில் அது பெரும்பாலும் பனிக்கு அடியில் மறைந்துவிடும். உச்சி அகன்ற மேட்டுநிலம். அதன் வடக்கு விளிம்பில் பல நூறு மீட்டர் ஆழத்துக்குப் பாறைச் சரிவுகள் இறங்குகின்றன. காற்று குவித்த பனி அந்த விளிம்பையும் தாண்டி அந்தரத்தில் நீண்டு நிற்பதால், மேலே நிற்பவருக்கு அது தரையாகவே தோன்றும். மேகம் சூழ்ந்துவிட்டால் வானும் நிலமும் ஒரே வெண்மையாகிவிடும். அந்த நேரத்தில் இறங்குவோர் உச்சியிலுள்ள அளவைத் தூணிலிருந்து வரைபடக் கட்டத்தின்படி 231 டிகிரி திசையில் 150 மீட்டர் நடந்து, அதன் பிறகே 282 டிகிரிக்குத் திரும்ப வேண்டும். முன்னதாகத் திரும்பினால் கார்டிலூ கல்லி (கல்லி என்பது செங்குத்தாக இறங்கும் பாறைப் பிளவு), பின்னர் இடப்புறம் விலகினால் ஃபைவ் ஃபிங்கர் கல்லி; இரண்டுமே உயிர்ப்பலி வாங்கிய இடங்கள். திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காலடிகளை எண்ணி நடக்கத் தெரிந்தவர் உங்கள் குழுவில் எத்தனை பேர்? கடுங்குளிரில் கைப்பேசியின் மின்கலம் திடீரென்று தீர்ந்துவிடும் என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
ஜீன்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதன் விளைவை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கடல் மட்டத்தைவிட இந்த உச்சியில் வெப்பநிலை பொதுவாக 9 டிகிரி அளவுக்குக் குறைவு. காற்றும் சேர்ந்தால் உடல் உணரும் குளிர் இன்னும் கடுமையானது. பருத்தித் துணி நனைந்தால் எளிதில் உலராது, உடலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வேறொரு மலையில் என்னுடன் வந்த நண்பர் முதலில் நடுங்கினார், பிறகு பேச்சுக் குழறியது, கையுறையைக்கூட அவரால் மாட்டிக்கொள்ள முடியவில்லை. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது தோன்றும் அறிகுறிகள் இவை என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. களைப்பு என்றே நினைத்தோம். உச்சி கண்ணுக்குத் தெரிந்தும் திரும்பியதால்தான் அவரைப் பத்திரமாகக் கீழே கொண்டுவர முடிந்தது.

மறுமொழி 3:
கிராம்பானும் (பனியில் வழுக்காமலிருக்கக் காலணியின் அடியில் மாட்டும் கூர்முள் சட்டம்) பனிக்கோடரியும் கட்டாயம் தேவை. ஆனால் அவற்றை வாங்கி முதுகில் கட்டிக்கொள்வதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது என்பது என் உறுதியான கருத்து. சறுக்கும்போது கோடரியைப் பனியில் ஊன்றி உடலை நிறுத்துவது, யோசிக்க நேரமில்லாத ஓரிரு நொடிகளில் நிகழ வேண்டியது. ஆபத்தில்லாத சிறு சரிவில் பலமுறை பழகியவருக்கே அது கைகூடும். வளையும் அடிப்பாகம் கொண்ட விளையாட்டுக் காலணியில் மலையேற்றக் கிராம்பான் உறுதியாக நிற்கவும் நிற்காது.

வாதத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கோடையிலேயே ஏறி இறங்க ஏழு முதல் ஒன்பது மணி நேரம் ஆகிறது. ஜனவரித் தொடக்கத்தில் அங்கே பகல் வெளிச்சம் ஏறத்தாழ ஏழு மணி நேரம்தான். தலைவிளக்கு இல்லாமல் புறப்படுவது இருட்டில் இறங்க முடிவு செய்வதற்குச் சமம். ஆபத்து நேர்ந்தால் 999 எண்ணில் காவல்துறையைக் கேட்டு, மலைமீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், அதே காற்றில், அதே பனியில் அவர்களும் ஏறித்தான் வர வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பகல் வெளிச்சக் கணக்கைக் காட்டியதும் நான்கு பேர், குளிர்கால மலையேற்றத்தில் தகுதி பெற்ற வழிகாட்டியுடன் ஒரு நாள் பயிற்சி மட்டும் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். ஜூலையில் ஏறிய இருவர் இன்னும் இசையவில்லை. மறுமொழி 2-ஐ இன்றிரவு அவர்களுக்கு முழுமையாகப் படித்துக் காட்டப்போகிறேன்.