பழைய மேக்னம் ரிவால்வர்: சுடவா, பூட்டி வைக்கவா? மாடல் 19, பைத்தான், மாடல் 29 பற்றிய சந்தேகங்கள்

புதுக்கை கேட்டது:

உரிமம் வந்துவிட்டது. சுடுதளத்தில் காகித இலக்கைச் சுட மட்டும்தான். பதினேழு தோட்டா பிடிக்கிற பிஸ்டல்கள் எங்கும் கிடைக்கிற காலத்தில், ஆறே ஆறு பிடிக்கிற பழைய மேக்னம் ரிவால்வரை ஏன் இன்னும் இப்படித் தேடி அலைகிறார்கள்? வெறும் அழகுக்காகவா, சுடுவதிலும் ஏதாவது இருக்கிறதா?

கண்ணில் பட்டிருப்பவை மூன்று. 4 அங்குலக் குழல் கொண்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19-3, 6 அங்குல பழைய கோல்ட் பைத்தான், 6½ அங்குல மாடல் 29-2. முதல் இரண்டும் .357 மேக்னம், கடைசியது .44 மேக்னம். மூன்றுமே பயன்படுத்தியவை. கையில் எடுத்துப் பார்க்கும்போது எதை எந்த வரிசையில் சோதிக்க வேண்டும்? முழு மேக்னம் தோட்டா எவ்வளவு சுடலாம்? .357 துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் சுட்டால் சிலிண்டர் கெடும் என்கிறார்களே, உண்மையா?

---

ஆறறை:

அழகும் உண்டு. ஆனால் பிடித்து வைப்பது அந்த விசை, அதாவது ட்ரிகர் இழுப்புதான். டபுள் ஆக்‌ஷனில் ட்ரிகரை இழுக்கும்போது ஹாமரைத் தூக்குவது, சிலிண்டரைத் திருப்புவது, பூட்டுவது, விடுவது என எல்லாமே உங்கள் ஒரு விரலின் வேலை. பின்னுதைப்போ வாயுவோ உதவிக்கு வருவதில்லை. அதனால் தோட்டாவின் பலம் எதுவானாலும் இயந்திரத்துக்குக் கவலை இல்லை. அதே துப்பாக்கியில் மென்மையான .38-ஐயும் போடலாம், காது அதிரும் .357-ஐயும் போடலாம். பிஸ்டலில் தோட்டாவின் வெடிமருந்து குறைந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது, தோட்டா சிக்கும்.

எண்ணிக்கையில் சொன்னால்: .38 ஸ்பெஷலின் அதிகபட்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .357 மேக்னத்துக்கு 35,000. இரண்டும் ஒரே அறையில் போகும். 1935-இல் .357 வந்தபோது தோட்டாவின் பித்தளைக் கூட்டின் நீளத்தை 1.155 அங்குலத்திலிருந்து 1.290 ஆக்கியதற்குக் காரணமே, புதுத் தோட்டா பழைய .38 துப்பாக்கிக்குள் போய்விடக் கூடாது என்பதுதான்.

மாடல் 19 பற்றி. 1955-இல் 'காம்பாட் மேக்னம்' என்ற பெயரில் வந்தது. எல்லைக் காவலரான பில் ஜோர்டன் வற்புறுத்திக் கேட்டது: இடுப்பில் நாள் முழுக்கச் சுமக்க ஏறக்குறைய ஒரு கிலோவில், நடுத்தரச் சட்டத்தில் ஒரு .357. பயிற்சிக்கு .38, பணிக்கு .357 என்பதுதான் அன்றைய நடைமுறை. பிற்காலத்தில் பயிற்சிக்கும் மேக்னமே சுட ஆரம்பித்தார்கள், தொல்லையும் ஆரம்பித்தது.

கே-ஃபிரேமில், அதாவது மாடல் 19-இன் அந்த நடுத்தரச் சட்டத்தில், பேரலின் பின்முனை, அதாவது ஃபோர்சிங் கோன், சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அடிப்பக்கத்தில், கடிகாரத்தின் 6 மணி இடத்தில், தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். சுவர் மெலிந்த இடம் அதுவே, விரிசல் விழுவதும் அங்கேதான். இதில் மோசமானது 125 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) ஜாக்கெட் குழிமுனைத் தோட்டா. குட்டைக் குண்டு, அதன் பின்னால் நிறைய மருந்து. எரிந்தும் எரியாத துகளும் சூடான வாயுவும் கோனை அரித்துவிடும். 158 கிரெய்ன் குண்டு இந்த அளவுக்குப் படுத்தாது. ஸ்மித் நிறுவனமே 1980களின் தொடக்கத்தில் எல்-ஃபிரேமை, அதாவது 586, 686 மாடல்களை, கனத்த பேரல் அடியோடு கொண்டுவந்தது.

ஆக, 19-3 வாங்கினால் .38 உணவு, .357 ஊறுகாய். ஒவ்வொரு வாரமும் முழு மேக்னம் சுடத்தான் ஆசை என்றால் 686 அல்லது ரூகர் ஜிபி100 வாங்குங்கள், மனசாட்சி உறுத்தாது.

---

திருகாணி:

சோதனை வரிசை கேட்டதால் அதை மட்டும் சொல்கிறேன். முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். விற்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கேட்காமல் ஹாமரைத் தட்டுவது மரியாதை இல்லை. கையில் ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு சின்ன டார்ச்.

டைமிங். ஒரு கையின் பெருவிரலால் சிலிண்டரை லேசாக, மிக லேசாக, உரசிப் பிடித்துக்கொண்டு ஹாமரை மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹாமர் முழுதாகக் கொக்கியில் நிற்பதற்கு முன்பே சிலிண்டர் பூட்டும் 'டிக்' சத்தம் கேட்க வேண்டும். ஹாமர் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல் கையால் தள்ளினால்தான் பூட்டுகிறது என்றால், அந்த அறையில் ஹேண்டோ (சிலிண்டரைத் தள்ளித் திருப்பும் பாகம்) ராட்செட்டோ (அது தள்ளும் பற்கள்) தேய்ந்திருக்கிறது. ஆறு அறையிலும் பாருங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் தவறுவது சாதாரணம். டைமிங் தவறினால் குண்டு பேரலுக்குள் கோணலாக நுழையும், ஈயத் துகள் பக்கவாட்டில் தெறிக்கும்.

எண்ட் ஷேக். சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடும் அளவு. சிலிண்டரைப் பின்னால் அழுத்திக்கொண்டு பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளங்கள். பிறகு முன்னால் தள்ளி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே எண்ட் ஷேக். 0.002 அங்குலத்துக்குள் இருந்தால் நல்லது. அதைத் தாண்டி வளர்ந்தால் ஒவ்வொரு வெடிக்கும் சிலிண்டர் சுத்தியல் போலச் சட்டத்தை அடிக்கும், தேய்மானம் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். மெல்லிய ஷிம் வளையம் போட்டுச் சரிசெய்யலாம், அதனால் இது பேரம் பேசும் விஷயம், ஓட வேண்டிய விஷயம் இல்லை. பேரல்-சிலிண்டர் இடைவெளி 0.004 முதல் 0.008 வரை இருந்தால் நிம்மதி. அதற்குக் கீழே போனால் ஐம்பது தோட்டா சுட்டதும் கரி படிந்து சிலிண்டர் இறுகும்.

புஷ்-ஆஃப். ஹாமரைக் கொக்கியில் நிறுத்தி, ட்ரிகரைத் தொடாமல், பெருவிரலால் ஹாமரை ஓரளவு அழுத்தமாக முன்னால் தள்ளுங்கள். விழக் கூடாது. விழுந்தால் யாரோ உள்ளே அரம் போட்டுச் 'செதுக்கி'யிருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

பிறகு யோக், அதாவது சிலிண்டரைத் தாங்கி வெளியே திறக்கும் கை. சிலிண்டரை மூடி, டார்ச்சைப் பின்னால் பிடித்து, மெதுவாகச் சுற்றியபடி இடைவெளியைப் பாருங்கள். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகினால் சிலிண்டரின் முகம் கோணல் அல்லது யோக் வளைந்திருக்கிறது. திரைப்பட நாயகன் மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடுவானே, அந்த வித்தையின் பலன் இதுதான். இரண்டு கையால் மூடுங்கள்.

கோனின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், கரி விரிசலை மறைக்கும். மேல் சட்டத்தில், இடைவெளிக்கு நேர் மேலே, மெல்லிய கோடு அரித்திருந்தால் பயப்பட வேண்டாம். அது கொஞ்ச ஆழம் போய் நின்றுவிடும். பேரலைக் கண்ணருகே வைத்துப் பார்க்கையில் உள்ளே கருத்த வளையம் ஒன்று தெரிந்தால் மட்டும் வேண்டாம். அடைத்து நின்ற குண்டின் பின்னால் இன்னொன்றைச் சுட்டதன் தழும்பு அது. சுடும்போது ஏதாவது ஒரு வெடி 'பொஸ்' என்று சன்னமாகக் கேட்டால், குழலை இலக்குப் பக்கமே வைத்து நிறுத்தி, இறக்கி, பேரலுக்குள் பார்த்த பிறகுதான் அடுத்தது.

ஸ்மித்தின் கைப்பிடியைக் கழற்றி, முன்பக்கம் உள்ள ஸ்ட்ரெயின் திருகு (ஹாமரின் ஸ்பிரிங்கை அழுத்தி வைப்பது) முழுதாக இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். விசை மென்மையாக வேண்டும் என்று அதைத் தளர்த்துவார்கள், முனையை அரைத்துக் குட்டையாக்குவார்கள். விசை லேசாகும், கூடவே பிரைமர் (தோட்டாவின் அடியில் ஹாமர் அடிக்கும் தீமூட்டி) வெடிக்காமலும் போகும்.

---

நீலப்பூச்சு:

திருகாணி சொன்ன அளவுகோலைப் பைத்தானுக்கு அப்படியே போடக் கூடாது, ஒரு வேறுபாடு இருக்கிறது. ஸ்மித்தில் பூட்டிய பிறகும் சிலிண்டர் பக்கவாட்டில் ஒரு மயிரிழை அசையும், அது இயல்பு. பழைய பைத்தானில், ட்ரிகர் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும்போது, ஹேண்ட் சிலிண்டரை ஸ்டாப்புக்கு (பள்ளத்தில் விழுந்து சிலிண்டரைப் பூட்டும் பாகம்) எதிராக அழுத்திக்கொண்டே இருக்கும். அசைவே இருக்காது. இரும்புப் பெட்டகம் போலப் பூட்டுகிறது என்று புகழ்வது இதைத்தான். அந்த அழுத்தத்தையும் வெடியின் அதிர்வையும் ஹேண்டின் நுனியே வாங்குகிறது. அதனால் அது தேய்கிறது, டைமிங் தவறுகிறது. ஆகவே பைத்தானில் சோதனை: காலி துப்பாக்கியில் ஹாமரை விழவிட்டு, ட்ரிகரை விடாமல் பிடித்து, சிலிண்டரை ஆட்டுங்கள். ஆடினால் வேலை இருக்கிறது. அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பழைய பைத்தானின் உள் பாகங்களைப் பட்டறையில் பொருத்தித் தீட்ட வேண்டும், வாங்கிப் போட்டால் வேலை செய்யாது. 2020-இல் திரும்ப வந்த புதிய பைத்தானின் உள்ளமைப்பே வேறு, அதிலிருந்து எடுத்து இதில் போட முடியாது.

விசையின் குணமும் வேறு. வி வடிவ ஸ்பிரிங் என்பதால் பைத்தானின் இழுப்பு கடைசியில் கனக்கும். ஸ்மித் ஆரம்பம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே சீர். வேகமாகச் சுடுகிறவர்கள் ஸ்மித்தைக் கேட்பார்கள். நிதானமாக ஹாமர் இழுத்துக் குறி பார்ப்பவர்களுக்குப் பைத்தான் தேன். பேரலின் முறுக்கும் வேறு: கோல்ட்டில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று, ஸ்மித்தில் 18¾.

மறுபூச்சுப் போட்டதா என்று கண்டுபிடிக்க: எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும், திருகுத் துளைகள் குழிந்த தட்டு போல இருக்கும், பக்கத் தகடும் சட்டமும் சேரும் கோடு கண்ணுக்குத் துருத்தும். ஸ்மித்தில் இன்னும் எளிது. ஹாமரும் ட்ரிகரும் கேஸ்-ஹார்டன் (மேற்பரப்பை மட்டும் கடினமாக்குதல்) செய்த பல வண்ணத்தில் இருக்க வேண்டும். அவையும் நீலமாக இருந்தால் மறுபூச்சுத் தொட்டியில் முங்கியது என்று சந்தேகப்படலாம். சுடுவதற்கு இதனால் ஒரு குறையும் இல்லை. சேகரிப்பவர் விலை கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.

தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். பதனிட்ட தோலில் உள்ள உப்பும் ஈரமும் நீலத்தைத் தின்றுவிடும். ஈயம் எடுக்கும் மஞ்சள் துணியை நீலப்பூச்சின் மேல் தேய்த்தால் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். நிக்கல் பூச்சு என்றால் அமோனியா கலந்த செப்புக் கரைப்பானை நெடுநேரம் ஊறவிடக் கூடாது.

---

புதுக்கை:

நன்றி. .38 சுட்டால் அறை கெடுமா என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. அப்புறம், 29-2 பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே?

---

திருகாணி:

கெடாது. அழுக்காகும். .38-இன் கூடு 0.135 அங்குலம் குட்டை, அதன் வாய் முடிகிற இடத்தில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். அப்படியே .357-ஐப் போட்டால் கூட்டின் வாய் அந்த வளையத்தில் முட்டும். உள்ளே போகாது, அல்லது திணித்தால் போகும். திணிக்கக் கூடாது. வாய் விரிய இடம் இல்லாமல் குண்டை நெரித்துப் பிடித்தால் அழுத்தம் எகிறும். ஒவ்வொரு முறை .38 சுட்ட பிறகும் அறைகளைத் தேய்த்துவிட்டால் இந்தப் பேச்சே இல்லை. அறைக்குச் சற்றுப் பெரிய வெண்கல பிரஷ், நல்ல கரைப்பான், பத்து நிமிட ஊறல். பிடிவாதமான வளையத்துக்கு, பிரஷ்ஷில் சுத்தமான செப்பு நார் சுற்றித் தேயுங்கள். எஃகு நார் வேண்டாம். செப்பு முலாம் பூசிய எஃகும் கடையில் கிடைக்கும். காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது எஃகு.

வெற்றுக் கூடுகளைத் தள்ளும்போது குழலை வானம் பார்க்க நிமிர்த்தி, தண்டை ஒரே அடியாக அழுத்துங்கள். தரை பார்த்துத் தள்ளினால் எரியாத மருந்துத் துகள் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் போய் உட்காரும். நாலு துகள் போதும், சிலிண்டர் மூடாது, மூடினாலும் சுற்றாது. 'டைமிங் போய்விட்டது' என்று பட்டறைக்கு வருகிறவற்றில் பழைய பல் பிரஷ் ஒன்றே தீர்க்கக்கூடியவை நிறைய.

இன்னொன்று, எஜெக்டர் தண்டு தானாகத் தளர்ந்து நீண்டு, சிலிண்டர் திறக்காமல் சிக்கும். 29-2, 19-3 இரண்டிலும் அது இடப்புரி, வழக்கத்துக்கு எதிர்த்திசையில்தான் இறுகும். முறுக்கும்போது அறைகளில் வெற்றுக் கூடுகள் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நட்சத்திரத்தின் ஊசிகள் நெளியும். பக்கத் தகட்டை நெம்பித் திறக்கவே கூடாது. திருகை எடுத்துவிட்டு, கைப்பிடிச் சட்டத்தைத் திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் தட்டினால் அதுவே எழும்பி வரும். முன் திருகு யோக்கைப் பிடிப்பது, அதைத் தனியாக வையுங்கள், மற்றதோடு கலந்தால் சிலிண்டர் இறுகும்.

---

ஆறறை:

29-2-க்கு வருகிறேன். .44 மேக்னம் பிறந்தது அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் போன்றவர்கள் .44 ஸ்பெஷலில் அளவுக்கு மீறிய மருந்தை அடைத்துச் சுட்டு, இதையே தொழிற்சாலையில் செய்து கொடுங்கள் என்று நச்சரித்ததால். 240 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 1,300 அடிக்கு மேல். துப்பாக்கியின் எடை 1.3 கிலோ. முதல் துப்பாக்கியாக இதை எடுக்காதீர்கள். உதைப்பைக் கை தாங்கிவிடும். மூளைதான் தாங்காது, இரண்டாவது தோட்டாவிலிருந்தே ட்ரிகரைத் தொடுமுன் கண் மூடும், குழல் கீழே தாழும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் .22-இலும் கூட வரும்.

29-2-இன் அறியப்பட்ட பலவீனம்: கனமான குண்டோடு முழு மருந்தில் தொடர்ந்து சுட்டால், உதைப்பில் சிலிண்டர் ஸ்டாப் பள்ளத்திலிருந்து எகிறி, சிலிண்டர் பின்னால் ஒரு அறை திரும்பிவிடும். அடுத்த இழுப்பில் ஹாமர் சுட்ட கூட்டின் மேல் விழும். 1980களின் இறுதியில் பள்ளத்தை நீட்டி, யோக்கைத் திடப்படுத்தி இதைச் சரிசெய்தார்கள். 29-2-க்கு 240 கிரெய்னை மேல் எல்லையாக வையுங்கள். அன்றாடத்துக்கு .44 ஸ்பெஷல் போடுங்கள்.

தோட்டாவை நீங்களே நிரப்பப் போகிறீர்கள் என்றால் இரண்டு சொல். ஹெச்110, 296 மருந்துகளை ‘மென்மையாகச் சுடலாம்’ என்று குறைக்காதீர்கள். வெளியிடப்பட்ட அளவுக்குக் கீழே அவை ஒழுங்காக எரியாது, குண்டு பேரலில் நின்றுவிடலாம். மென்மை வேண்டும் என்றால் வேகமாக எரியும் வேறு மருந்துக்கு மாறுங்கள். கிரிம்ப் (குண்டைப் பிடிக்கக் கூட்டின் வாயை உள்ளே மடிப்பது) இறுக்கமாக இருக்க வேண்டும். சோதனை எளிது: ஆறு போடுங்கள், ஐந்து சுடுங்கள், ஆறாவதை எடுத்து நீளத்தை அளங்கள். குண்டு கூட்டிலிருந்து முன்னால் நகர்ந்திருந்தால், ஒரு நாள் அது சிலிண்டரின் முகத்தைத் தாண்டி நீட்டிச் சட்டத்தில் மாட்டும்.

கேட்காத ஒன்று, ஆனால் பழைய மேக்னம் தேடுகிறவர்கள் கண்ணில் கட்டாயம் படும்: மூன்று திருகு கொண்ட பழைய ரூகர் பிளாக்ஹாக், 1973-க்கு முந்தையது. அதில் டிரான்ஸ்ஃபர் பார் (ட்ரிகரை இழுத்தால் மட்டும் ஹாமரின் அடியை ஊசிக்குக் கடத்தும் தகடு) கிடையாது. ஆறும் நிரப்பி, ஹாமரைக் கீழே விட்டு வைத்தால், கீழே விழும்போது வெடிக்கலாம். ஒன்று போடு, ஒன்று விடு, நான்கு போடு, ஹாமரை இழுத்துக் காலி அறை மேல் இறக்கு. நிறுவனம் இலவசமாகப் பாதுகாப்புப் பாகம் மாற்றித் தருகிறது, பழைய பாகங்களையும் திருப்பித் தரும், அவற்றைத் தொலைக்காதீர்கள்.

உங்கள் மூன்றில் என் தேர்வு 19-3. கோன் சுத்தமாக இருந்தால், 158 கிரெய்ன் ஈயக் குண்டு .38 ஐந்நூறும், வெடிக்காத போலித் தோட்டா ஆறும் வாங்குங்கள். போலியில் ஒன்றிரண்டை மற்றவற்றோடு கலந்து, கண்ணால் பார்க்காமல் சிலிண்டரைச் சுற்றி மூடிச் சுடுங்கள். போலி மேல் ஹாமர் விழும்போது முன் குறி தாழ்ந்தால், .357 பெட்டியைத் திறக்க இன்னும் நாள் இருக்கிறது. திறக்கும்போது காதுக்குள் அடைப்பானும் மேலே மூடியும் இரண்டுமே போடுங்கள், விரல் நுனி சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டக் கூடாது. பழைய மெலிந்த மரப்பிடியாக இருந்தால், ட்ரிகர் காப்புக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியை நிரப்பும் அடாப்டர் ஒன்றும் வாங்குங்கள். நடுவிரல் மூட்டு காயப்படாமல் இருக்கும்.