பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு நாள் கடலோரப் பயணம்: மாமியாரோடும் பிள்ளைகளோடும்

பெர்ஜுந்தை மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். வருகிற பள்ளி விடுமுறையில் ஒரு நாள் வேன் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கடற்கரைப் பக்கம் போய்வரலாம் என்று இருக்கிறோம். வீடு சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில். (என் மாமியாருக்கு இன்னும் இது பத்தாங் பெர்ஜுந்தைதான். 2007இல் பெயர் மாறியதை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை.)

வேனில் எட்டுப் பேர். ஆளுக்கு ஓர் ஆசை. ஐந்தாம் படிவம் படிக்கும் மூத்தவளுக்கு ஸ்கை மிரர். அந்தக் கடல் நடுமணலில் தலைகீழ் நிழலோடு படம் எடுக்காவிட்டால் அவளுக்குப் பயணமே இல்லை. சின்னவர்களுக்குக் குரங்கும் மின்மினியும். என் கணவருக்கு ஜெராமில் சுட்ட மீன். மாமியாருக்கு ஒரு கோயில். அவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. ஆனாலும் "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டில் இருக்கிறேன்" என்று மட்டும் அவர் வாயிலிருந்து வராது.

ஹோட்டலில் தங்கச் செலவு செய்ய மனமில்லை. ஒரே நாளில் இத்தனையும் முடியுமா? செக்கிஞ்சானையும் சேர்க்கலாமா? கணவர் விடுமுறையின் முதல் சனிக்கிழமை என்று முடிவு செய்துவிட்டார். அது சரிதானா?

ஈஜோக் ராஜா:

செக்கிஞ்சான் போங்கள் அக்கா, கண்ணுக்கு எட்டிய வரை வயல். அங்கே பந்தாய் ரெடாங் கடற்கரையில் சிவப்புத் துணி கட்டித் தொங்கவிட்ட வேண்டுதல் மரம் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மற்றதெல்லாம் பக்கத்து ஊர்தானே, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய பஸ் டிரைவர்:

ராஜா தம்பி சொல்வது நல்ல இடம்தான். ஆனால் வயல் எப்போதும் பச்சையாக இருக்காது. அறுத்து முடித்த நேரத்தில் போய் நின்றால் வைக்கோல் கட்டைதான் வரவேற்கும். தவிரவும் இவர்களுக்கு அது எதிர்த்திசை நீட்சி. ஜெராமையும் செக்கிஞ்சானையும் ஒரே நாளில் கோத்தால் பிள்ளைகள் பார்ப்பது முன் சீட்டின் முதுகைத்தான். அதை இன்னொரு விடுமுறைக்கு வையுங்கள்.

தங்கச்சி, உங்கள் கேள்வியில் முக்கியமானதைக் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். எந்த நாள் என்பதுதான் முதல் கேள்வி. தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போன காலத்திலிருந்து இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: சனிக்கிழமையைப் பார்க்காதீர்கள், அமாவாசையைப் பாருங்கள். கோயிலில் கொடுக்கிற நாட்காட்டி போதும்.

காரணம் இதுதான். ஸ்கை மிரர் என்று பிள்ளைகள் சொல்வது சசாரான் கரைக்கு வெளியே கடலுக்குள் கிடக்கும் மணல்திட்டு. சாதாரண நாளில் அது தண்ணீருக்குள் இருக்கும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் பெரிதாகும், வற்றமும் பெரிதாகும். அதை ஒட்டிய சில நாட்களில்தான் திட்டு வெளியே வரும். மேலே விரலளவு தண்ணீர் தங்கும், அதில் வானம் தெரியும். உங்கள் முதல் சனிக்கிழமை அரைநிலா நாளாக அமைந்தால் படகுக்காரர் பணம் கொடுத்தாலும் கூட்டிப்போக மாட்டார், போனாலும் பார்க்க எதுவும் இருக்காது.

அப்படியானால் பௌர்ணமியும் ஆகுமே என்பீர்கள். திட்டுக்கு ஆகும், மின்மினிக்கு ஆகாது. கம்போங் குவாந்தானில் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் அந்தப் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணையும். நிலா வெளிச்சத்தில் அது மங்கிப்போகும். முழு நிலவன்று படகில் ஏறிவிட்டு "இதற்கா காசு கொடுத்தோம்" என்று கரையில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அமாவாசைப் பக்கம் போனால் இரண்டும் ஒரே நாளில் கைகூடும்.

அந்தப் பூச்சியைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். புழுவாக இருக்கும்போது அது ஆற்றங்கரைச் சேற்றில் நத்தையைத் தின்று வளர்கிறது, பிறகுதான் மரத்துக்குப் பறக்கிறது. ஆகவே மரத்தை மட்டும் விட்டுவைத்துக் கரைக்காட்டை வழித்துச் செம்பனை நட்டால், மரம் நிற்கும், விளக்கு எரியாது. செம்பனையில் சோறு தின்ற நாமே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

இனி வரிசை. அமாவாசையை ஒட்டிய நாட்களில் இந்தக் கடலோரத்தில் வற்றம் நண்பகல் வாக்கில் விழும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். படகுக்காரர் அன்றைய நேரத்தைச் சொல்லிவிடுவார், முன்கூட்டியே பேசி வையுங்கள். வெயில் மண்டையைப் பிளக்கும், தொப்பி அவசியம். மூத்த பெண்ணைச் சிவப்போ மஞ்சளோ உடுத்தச் சொல்லுங்கள், நீலமும் வெள்ளையும் வானத்தோடு கலந்துவிடும்.

மாமியாரை மட்டும் அந்தப் படகில் ஏற்றாதீர்கள். கடலில் அரை மணி நேரம் குலுங்கிப் போய், ஈர மணலில் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். அவருக்கு அந்த நேரத்தில் கோலசிலாங்கூர்க் குன்று, புக்கிட் மலாவாத்தி. வார நாள் என்றால் வேனே மேலே போகும். சனி ஞாயிறும் பொது விடுமுறையும் என்றால் வேனைக் கீழே நிறுத்தி டிராமில் ஏற வேண்டும். அதுவும் முழங்காலுக்கு நல்லதுதான். மேலே 1907இல் கட்டிய ஆல்டிங்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதற்கும் முன்னால், 1784இல் டச்சுக்காரன் இந்தக் குன்றைப் பிடித்தான், மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் திருப்பிப் பிடித்தார். பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. மர நிழலில் உட்கார்ந்தால் காற்று வரும், அத்தைக்கு வேறென்ன வேண்டும்.

சின்னவர்களும் பாட்டியோடு அங்கேயே இருக்கட்டும். குன்றின்மேல் இருப்பவை இலை தின்னும் சாம்பல் நிறக் குரங்குகள், சாது. அதன் குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும், சில மாதங்களில் நிறம் மாறிவிடும். பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள். நீள வால் கொண்ட பழுப்புக் குரங்கு வேறு சாதி. அது பையைப் பார்த்தால் பறிக்கும், கண்ணாடியைப் பார்த்தால் கழற்றும்.

மாலையில் சிலாங்கூர் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனாம்பாங். மீனவர் குடியிருப்பு, கருவாடும் கெரோப்போக் என்கிற மீன் அப்பளமும் அங்கே வாங்குங்கள். ஆற்றின்மேல் செம்பருந்துகள் சுற்றும். படகுக்காரர் கோழித்தோலை வீசினால் கூட்டமாக இறங்கும். நம் அத்தைமார் "கருடன்!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். என் வீட்டுக்காரி கோழித்தோலைப் பார்த்த பிறகும் போட்டுக்கொண்டாள்.

இருட்டியதும் கம்போங் குவாந்தான். அது உங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே இருப்பதால்தான் கடைசியில் வைக்கிறேன்.

ஜெராம் மீனா:

டிரைவர் அண்ணன் எல்லாம் சரியாகச் சொன்னார், சமையலறையை மட்டும் மறந்துவிட்டார். அமாவாசையன்று என் மாமியார் வீட்டில் முட்டைகூட உடையாது. உங்கள் அத்தை காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க, எதிரே மகன் சுட்ட பாறை மீனை உரித்துக்கொண்டிருந்தால் திரும்பும் வழியில் வேனுக்குள் யாரும் பேச மாட்டார்கள்.

ஆகவே அமாவாசைக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ போங்கள். பெரிய வற்றம் சரியாக அமாவாசையன்று வருவதில்லை, ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் வரும். இங்கே கரையில் சிப்பி பொறுக்குகிற எல்லாருக்கும் தெரியும். விரதமும் முடிந்திருக்கும், மணலும் நன்றாக வெளியே வந்திருக்கும், இரவும் கறுப்பாகவே இருக்கும். மூன்றாம் பிறை நாளாக அமைந்தால் மாமியார் அந்தியில் கடலுக்கு மேலேயே பிறை பார்த்துவிடலாம். கீற்று நிலா சீக்கிரமே இறங்கிவிடும், மின்மினிக்கு இடைஞ்சல் இல்லை. அதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்று அவரே தொடங்கிவிடுவார், பிறகு டயர் பஞ்சரானாலும் உங்கள் தலையில்தான் விழும்.

கோயிலுக்குப் புக்கிட் ரோத்தான் ஸ்ரீ சக்தி தேவஸ்தானம். ஐம்பத்தொரு சக்தி பீடங்களின் அம்மன்களையும் அங்கே தரிசிக்கலாம். ஜெராமுக்கும் கோலசிலாங்கூருக்கும் இடையில் இருப்பதால் சுற்றிப்போக வேண்டியதில்லை. காலையிலேயே முடித்துவிடுங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அத்தை வாசலில் நிற்க வேண்டிவரும்.

ஜெராம் பந்தாய் ரெமிஸைப் பற்றி ஒரு வார்த்தை: குளிக்கிற கடற்கரை என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு நீச்சலுடை எடுத்து வராதீர்கள். சேறு. வற்றத்தில் கடல் எங்கோ போய்விடும், முழங்கால் வரை புதையும். இங்கே வருவது சாப்பிடுவதற்கு. மீனின் விலையைக் கேட்கும்போது அது ஒரு கிலோவுக்கா, நூறு கிராமுக்கா என்று கேளுங்கள். எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஒரு கடையில் என் தம்பி பலகையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து மலிவு என்று பெரிய சியாக்காப் மீனாக எடுத்துவிட்டான். பில் வந்தபோது முகம் மீனைவிடக் கறுத்திருந்தது.

பெர்ஜுந்தை மருமகள்:

மீனா அக்கா, என் மாமியாரை உங்களுக்கு முன்பே தெரியுமோ? நாலாம் பிறை வசனத்தை அப்படியே சொல்வார்.

கணவரிடம் நாட்காட்டியைக் காட்டினேன். விடுமுறைக்குள்ளேயே அமாவாசை வருகிறது, மறுநாள் வியாழக்கிழமை. ஒரு நாள் லீவு எடுக்க வேண்டும் என்று முணுமுணுத்தார். புக்கிட் மலாவாத்தியில் வேன் மேலே போகும், கூட்டமும் இருக்காது என்றதும் அடங்கிவிட்டார்.

இரண்டு சந்தேகம். மின்மினிப் படகில் மாமியார் ஏற முடியுமா? மழை வந்தால்?

பழைய பஸ் டிரைவர்:

மீனா சொன்னதுதான் சரியான நாள். எங்கள் வீட்டில் அமாவாசைக்கும் மீன் வேகும், அதனால் எனக்குத் தோன்றவில்லை.

கம்போங் குவாந்தானில் துடுப்புப் போடுகிற சின்ன சம்பான் படகு, நாலு பேர்தான் உட்காரலாம். தாழ்வாக இருக்கும், ஏறும்போது ஆடும். துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் முழங்கால் வலிக்காரருக்குப் புக்கிட் பெலிம்பிங் நல்லது. மின்கலத்தில் ஓடும் பெரிய படகு, ஏறி இறங்குவது எளிது. அது ஆற்றின் மறுகரை, பாசிர் பெனாம்பாங்கிலிருந்து நேராகப் போகலாம். வீடு திரும்ப மறுபடி பாலம் ஏறி வரவேண்டும், அவ்வளவுதான். எந்தப் படகானாலும் கைப்பேசி விளக்கை அடிக்கக்கூடாது. உங்கள் மூத்த பெண்ணிடம் வேனிலேயே சொல்லிவிடுங்கள், படகில் வைத்துச் சொன்னால் எல்லாருக்கும் கேட்கும்.

மழை கொட்டினால் படகு விடமாட்டார்கள். விட்டுத் தூறினாலும் பூச்சி குறைவு. ஆண்டுக் கடைசி மாதங்களில் மாலை மழை வாடிக்கை என்பதால், நாலு மணிக்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் மின்மினிக்குக் காத்திராமல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இரவில் திரும்பும்போது வேகம் வேண்டாம். தோட்டத்து ஓரங்களில் சாலை விளக்கு இல்லை, மாடுகள் தாரில் படுத்திருக்கும். பகலில் மணல் லாரியும் செம்பனைக் குலை லாரியும் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கும், வழி விட்டுவிடுங்கள், அவர்களோடு போட்டி வேண்டாம். எண்ணெயைக் காலையிலேயே நிரப்பிவிடுங்கள். பசியாறுவதற்கு ஈஜோக்கில் நிறுத்தினால் எட்டரைக்குள் எழுந்துவிடுங்கள். எட்டுப் பேர் தோசைக்கு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

ஈஜோக் ராஜா:

ஈஜோக்கில் நிறுத்தினால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அக்கா, நல்ல தோசைக் கடை காட்டுகிறேன். செக்கிஞ்சானை அடுத்த முறையாவது விடாதீர்கள்.