டிரைபோஎலக்ட்ரிக்: உராய்மின்னா, தொடுமின்னா, வேறு ஏதாவதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இரு பொருள்களின் பரப்புகள் தொட்டுப் பிரியும்போது மின்னேற்றம் பெறுவதை ஆங்கிலத்தில் 'டிரைபோஎலக்ட்ரிக்' நிகழ்வு என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லும் வரையறையும் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: உராய்மின்னேற்றம், தொடுமின்னேற்றம், எலக்ட்ரான் பெயர்ச்சி. மூன்றிலும் எனக்குக் குறை தெரிகிறது. அதைச் சொல்லிவிட்டு நான்காவதாக ஒன்றை வைக்கிறேன்.

> பள்ளிப் பாடத்திலேயே 'உராய்வு மின்னேற்றம்' இருக்கிறது. புதிதாக எதற்கு?

ஏனென்றால் உராய்வு இல்லாமலும் இது நடக்கிறது. செல்லோ டேப்பில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு துண்டு கிழித்து, மேசைமேல் தனித்தனியாக ஒட்டி, வெடுக்கென்று பிய்த்தெடுங்கள். கிட்டே கொண்டுபோனால் இரண்டும் முகம் திருப்பிக்கொண்டு விலகும். இரண்டும் ஒரே மேசையிலிருந்து ஒரே மாதிரி வந்தவை, ஆகவே ஒரே வகை மின்னேற்றம். அடுத்து, புதிதாக இரண்டு துண்டு எடுத்து, ஒன்றின் முதுகில் இன்னொன்றை ஒட்டிப் பிரித்துப் பாருங்கள். இப்போது பாய்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். ஒன்று இழந்ததை மற்றது பெற்றிருக்கிறது. ஒன்று நேர், மற்றது மறை. (நேர் என்றால் பாசிட்டிவ், மறை என்றால் நெகட்டிவ்.) இதில் யாரும் எதையும் தேய்க்கவில்லை. ஒட்டினோம், பிரித்தோம், அவ்வளவுதான்.

பிறகு சீப்பைத் தலையில் தேய்ப்பது எதற்கு? கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்பும் உள்ளே மேடு பள்ளம்தான். இரண்டு பரப்புகளை வைத்து அழுத்தினால் சில புள்ளிகளில் மட்டுமே உண்மையில் தொடும். தேய்த்தால் புதிய புதிய புள்ளிகள் தொட்டுத் தொட்டுப் பிரிகின்றன, மின்னேற்றம் சேர்கிறது. உராய்வு இங்கே வேலையைப் பெருக்கிக் கொடுக்கும் துணையாள்; அடிப்படை நிகழ்வு தொடுவதும் பிரிவதும்தான்.

'டிரைபோ' என்ற கிரேக்க வேருக்குத் தேய்த்தல் என்று பொருள். அம்பரை (இறுகிக் கல்லான மரப்பிசினை) தேய்த்தால் துரும்பை இழுக்கிறது என்று பழைய கிரேக்கர்கள் கண்டதன் எச்சம் அது. ஐரோப்பிய மொழிகளில் அந்தச் சொல் ஊறிவிட்டது, இனி மாற்ற மாட்டார்கள். நாம் இப்போதுதான் சொல் செய்கிறோம். அவர்களுடைய பழைய புரிதலையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

'எலக்ட்ரான் பெயர்ச்சி'யை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். உலோகங்கள் தொடும்போது எலக்ட்ரான் நகர்கிறது என்பதில் தகராறு இல்லை. பிளாஸ்டிக், ரப்பர் போன்ற மின்கடத்தாப் பொருள்களில் நகர்வது எலக்ட்ரானா, அயனியா, பரப்பிலிருந்து பெயர்ந்த பொருள் துணுக்குகளா என்பது இன்னும் தீராத வழக்கு. தேய்த்த பரப்பு முழுக்க ஒரே வகை மின்னேற்றம் இருக்கும் என்றுகூடச் சொல்ல முடியாது. நேரும் மறையும் திட்டுத்திட்டாகக் கலந்து கிடப்பதாகவும், கூட்டிக் கழித்து மிஞ்சுவதையே நாம் அளக்கிறோம் என்றும் 2011இல் ஓர் ஆய்வுக் குழு அளந்து காட்டியது. வழக்கு முடியாத நிலையில் தீர்ப்பைச் சொல்லுக்குள் எழுதிவைக்கக் கூடாது.

> தொடுமின்னேற்றம் சுருக்கமாக இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் இரண்டு சிக்கல். முதலாவது சிறியது: இதைத் 'தொடுமின்' என்று சுருக்குவார்கள். 'செல்மின்', 'கேண்மின்' போன்ற பழந்தமிழ் ஏவல்களைப் படித்தவர்களுக்கு அது 'எல்லோரும் தொடுங்கள்' என்று கேட்கும். மின்சாரம் சம்பந்தப்பட்ட இடத்தில் எழுதி மாட்டுவதற்கு உகந்த சொல் அல்ல! இரண்டாவது பெரியது: ஏற்கெனவே மின்னேற்றம் பெற்ற பொருளை இன்னொன்றின்மேல் தொடவைத்து மின்னேற்றுவதும் பாடத்தில் உண்டு. அங்கே தொட்ட இரண்டுக்கும் ஒரே வகை மின்னேற்றம் கிடைக்கும். நாம் பேசும் நிகழ்விலோ ஒன்று நேர், மற்றது மறை. விளைவு நேர்மாறான இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மாணவர்கள் பாவம்.

ஆகவே என் பரிந்துரை: தொடுபிரி மின்னேற்றம். தொட்டுப் பிரிவதால் வருவது. சொல்லைப் பார்த்ததுமே சோதனை கண்முன் வரும். செல்லோ டேப், நைலான் சேலையை மடிப்பிலிருந்து பிரிக்கும்போது வரும் படபடப்பு, ஜெராக்ஸ் இயந்திரத்தின் மைத்தூள் எல்லாம் இதில் அடங்கும். அந்த மைத்தூள் பாதிப் பேருக்குத் தெரியாத நல்ல எடுத்துக்காட்டு. தூள் தன்னைச் சுமந்து செல்வதற்காகக் கலந்திருக்கும் சிறு மணிகளை (தாங்குமணிகளை) தொட்டுத் தொட்டுப் பிரிந்து மின்னேற்றம் பெறுகிறது. எழுத்தின் வடிவில் எதிர்வகை மின்னேற்றம் வைத்திருக்கும் உருளை அதைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது.

எந்தப் பொருள் நேராகும், எது மறையாகும் என்று அடுக்கும் பட்டியலைத் 'தொடுபிரி வரிசை' எனலாம். 1757இல் வில்கே என்ற ஸ்வீடன் இயற்பியலாளர் முதலில் தொகுத்தது. கண்ணாடி, முடி, கம்பளி போன்றவை நேர்ப் பக்கம், பி.வி.சி., டெஃப்லான் மறைப் பக்கம். பரப்பின் அழுக்கு, ஈரப்பதம் இவற்றால் இடம் மாறும் என்று விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். நம் கடலோர ஊர்களில் ஐப்பசி மழையில் இந்தச் சோதனையைச் செய்து ஏமாறாத ஆசிரியர் இருக்க மாட்டார்.

> சீப்பு காகிதத்துண்டை இழுப்பதும் இதுதானே?

பாதிதான். சீப்பு மின்னேற்றம் பெற்றது தொடுபிரியால். காகிதம் அப்போது நடுநிலையில்தான் இருக்கிறது. அதற்குள் மின்னேற்றம் இலேசாக இடம் விலகி, சீப்பின் மறை மின்னேற்றத்துக்கு அருகே நேர்ப் பகுதி வருகிறது. அருகில் இருப்பதன் ஈர்ப்பு தூரத்தில் இருப்பதன் விலக்கைவிட அதிகம், அதனால்தான் இழுபடுகிறது. இதற்கு 'முனைவாக்கம்' இருக்கிறது, அது போதும். இரண்டையும் ஒரே தலைப்பில் போட வேண்டாம்.

இன்னொன்று, 'மறை' என்று நான் எழுதுவது இலங்கைப் பாடநூல் வழக்கு. தமிழ்நாட்டில் 'எதிர்'. ஆனால் 'எதிர் மின்னேற்றங்கள் ஈர்க்கும்' என்றால் மறை மின்னேற்றங்களா, ஒன்றுக்கொன்று மாறானவையா? வரையறையில் இந்தக் குழப்பம் ஆகாது. 'மறை'யை எடுத்துக்கொள்வோம், அடைப்புக்குறிக்குள் 'எதிர்' போடலாம். 'மின்னேற்றம்' தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பெரும்பாலும் 'மின்னூட்டம்' என்று வரும்; அதையும் அடைப்புக்குறிக்குள் போடலாம்.

வரையறை வரைவு: *இரு பொருள்களின் பரப்புகள் தொட்டுப் பிரியும்போது, ஒன்றில் நேர், மற்றதில் மறை மின்னேற்றம் மிகுதல்.* 'மிகுதல்' சரியா, 'எஞ்சுதல்' சரியா என்று எனக்கு இழுபறி. மேலும், இந்த நிகழ்வால் அசைவிலிருந்து மின்சாரம் எடுக்கும், 'நானோஜெனரேட்டர்' எனப்படும் கருவிகள் 2012 முதல் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்குத் 'தொடுபிரி மின்னாக்கி' என்று வைத்தால் வாயில் நிற்கிறதா, சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.