குறைமாதத்தில் பிறந்த பிள்ளை: சிறுநீரகத்தை வருடாவருடம் சோதிக்க வேண்டுமா?

பெரம்பூர் அம்மா:
என் மகன் 30 வாரத்தில் பிறந்தான். இப்போது நான்கு வயது, ஓடியாடி விளையாடுகிறான். போன வாரம் சளிக்குக் காட்டப் போன இடத்தில் ஒரு டாக்டர், "சிறுநீரகத்தில் வடிகட்டும் செல்கள் இவனுக்குக் குறைவாக இருக்கலாம். வருடம் ஒருமுறை பிபியும் சிறுநீரில் புரதமும் பாருங்கள்" என்றார். மாமியாரோ, நன்றாக இருக்கிற பிள்ளையை நோயாளி ஆக்காதே என்கிறார். அந்தச் செல்கள் பிற்பாடு வளர்ந்துவிடாதா?

தரமணி ஆய்வு மாணவி:
வளராது அக்கா, டாக்டர் சொன்னது சரிதான். அந்தச் செல்லுக்குப் பெயர் போடோசைட். கருவில் மூலச் செல்கள் திரண்டு முதலில் காற்புள்ளி போல வளையும், அப்புறம் 'எஸ்' எழுத்து போல நெளியும். அந்த நெளிவின் ஒரு முனையில்தான் போடோசைட் பிறக்கிறது. பிறக்கும்போது அதற்குக் கால் இல்லை, செங்கல் அடுக்கியது போல ஒட்டி நிற்கும். விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து ரத்தக் குழாயைத் தன்னிடம் வரவழைக்கும். குழாய் வந்து சேர்ந்த பிறகு செல்கள் விலகிக் கால் விரித்து, பக்கத்துச் செல்லின் கால்களோடு விரல் கோத்த மாதிரி பின்னிக்கொள்ளும். அந்த இடுக்குகளில் நெஃப்ரின் என்ற புரதம் சல்லடை கட்டுகிறது. பின்லாந்துக் குழந்தைகளிடம் கண்ட ஒரு பிறவி நோயைத் தேடிப் போய்த்தான் 1998-இல் அதன் மரபணுவைப் பிடித்தார்கள். அது பழுதானால் பிறந்த குழந்தைக்கே சிறுநீரில் புரதம் கொட்டும்.

இப்படி முதிர்ந்த செல் மறுபடி இரண்டாகப் பெருகுவதில்லை. இந்தச் செல்கள் அமைந்திருக்கும் நுண்ணிய வடிகட்டும் அலகுக்கு நெஃப்ரான் என்று பெயர். புது நெஃப்ரான் உருவாவதும் கருவில் சுமார் 36 வாரத்தோடு நின்றுவிடும். பாதிக்கு மேல் உருவாவது கடைசி மூன்று மாதத்தில்தான்.

அண்ணாநகர் அப்பா:
என் இரட்டையர் 33 வாரத்தில் பிறந்தவர்கள். இந்த மாதிரி எதையோ படித்துவிட்டு என் மனைவி பல மாதம் சரியாகத் தூங்கவில்லை. ஒன்று கேட்கிறேன். 36 வாரம்தான் கணக்கு என்றால், 30-இல் வந்த பிள்ளைக்கு வெளியே இன்னும் ஆறு வாரம் இருக்கிறதே. அப்போது உருவாகாதா?

தரமணி ஆய்வு மாணவி:
உருவாகும் அண்ணா, அது உண்மை. மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தைகளில் பிறந்து சுமார் 40 நாள் வரை புது நெஃப்ரான் உருவாவதை 2004-இல் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் கருப்பையில் இருந்த ஆக்சிஜன் அளவு வேறு, வெளியே வேறு. நுண்கிருமித் தொற்று வரும், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஜென்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்தும் ஏறும். அந்தச் சூழலில் உருவாவதில் சில கோணலாகவே நின்றுவிடுகின்றன.

கே.கே.நகர் குழந்தை மருத்துவர்:
செல் உருவாகும் விதத்தில் எனக்கு மறுப்பில்லை. அதிலிருந்து பெற்றோரிடம் போய் "குறைவு" என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன். நன்றாக இருக்கும் குழந்தையின் நெஃப்ரானை எண்ணிச் சொல்ல ஓபியில் எந்தச் சோதனையும் கிடையாது. சராசரி ஒரு சிறுநீரகத்துக்கு 10 லட்சம் என்கிறோம், ஆனால் ஆளுக்கு ஆள் அது பல மடங்கு மாறும். பயந்துபோய்ப் பிள்ளைக்கு உப்பையே நிறுத்திய அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் சரியாக இருக்கிறது, வளர்ச்சி சரியாக இருக்கிறது என்றால் விட்டுவிடலாம்.

தரமணி ஆய்வு மாணவி:
டாக்டர், கிரியாட்டினினை நம்பி விடுவதில்தான் எனக்குப் பயம். பாதி வேலை போகும்வரை அது சாதாரணமாகவே காட்டலாம். நெஃப்ரான் குறைவாக இருந்தால் இருப்பவை கூடுதலாக வடிகட்டும், நெஃப்ரானுக்குள் வடிகட்டும் வேலை செய்யும் ரத்தக் குழாய் முடிச்சு உப்பும். பெருக முடியாத போடோசைட் தன் உடலைப் பெரிதாக்கித்தான் அந்த இடத்தை மூட வேண்டும். முடியாதபோது கழன்று சிறுநீரில் போய்விடும், வெறுமையான இடம் தழும்பாகும். நெஃப்ரான் குறைவுக்கும் பிபிக்கும் தொடர்பு உண்டு என்று பிரென்னர் என்ற சிறுநீரக மருத்துவர் 1988-இலேயே எழுதினார். பிபியும் சிறுநீரில் போகும் ஆல்புமின் என்ற புரதமும் முன்னால் மாறும், கிரியாட்டினின் கடைசியில்தான் ஏறும்.

கே.கே.நகர் குழந்தை மருத்துவர்:
பிபி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். மூன்று வயதுக்கு மேல் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும், 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு அதற்கும் முன்பே. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-இல் சொன்னதும் அதுதான். வருடம் ஒரு சிறுநீர்ச் சோதனையும் சரி. வாராவாரம் வீட்டில் சிறுநீரில் சோதனைத் தாள் நனைத்துப் பார்ப்பது வேண்டாம்.

பெரம்பூர் அம்மா:
அன்றைக்கு அவனுக்குப் பிபி பார்த்தது பெரியவர்களுக்குக் கட்டும் பட்டையில் டாக்டர். கையில் இரண்டு சுற்று வந்தது.

கே.கே.நகர் குழந்தை மருத்துவர்:
அப்படியானால் அந்த அளவைக் கணக்கில் எடுக்காதீர்கள். பட்டை பெரிதாக இருந்தால் பிபி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சின்னப் பட்டை கேளுங்கள், இல்லை என்றால் வேறு இடத்தில் பாருங்கள். அழாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணாநகர் அப்பா:
சரி, பிபி பார்க்கிறேன். ஆனால் "உனக்குச் செல் குறைவு" என்று என் பிள்ளைகள் காதில் விழ விடமாட்டேன்.