பூவன் வாழைத் தார்: கடைசிச் சீப்பு சிறுக்கிறது, எப்போது வெட்டுவது?

படுகைத்தோட்டம்: திருவையாறு பக்கம் 60 சென்ட் பூவன். அடிச் சீப்பு சுண்டைக்காய் மாதிரி நிற்கிறது. சில காய்கள் மரத்திலேயே வெடிக்கின்றன. சென்னைக்கு அனுப்பினால் வழியிலேயே பழுத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

வாய்க்கால்கரை: கடைசிச் சீப்பு விரிந்த ஒரு வாரத்துக்குள் தார் நுனியில் தொங்கும் பூவை ஒடித்துவிடுங்கள். கூடவே அடியில் உள்ள சொத்தைச் சீப்பையும் எடுத்துவிட்டால் மேலே உள்ளவை திரளும். அன்றே 10 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் சல்பேட் ஆப் பொட்டாஷ் உரம் கரைத்து, தார் நனையத் தெளியுங்கள். 30 நாள் கழித்து இன்னொரு முறை. மூரியேட் பொட்டாஷ் வேண்டாம், தோல் கருகும்.

மேட்டுக்கொல்லை: வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். களிமண் காய்ந்து பிளந்த பிறகு வாய்க்காலில் முறை வைத்து வரும் தண்ணீரை மொத்தமாகக் கட்டினால் காய் உப்பித் தோல் கிழியும். வடிகாலையும் ஆழப்படுத்துங்கள்.

படுகைத்தோட்டம்: சரிங்க. வெட்டும் பக்குவம்?

வாய்க்கால்கரை: நாள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், கோடைக்கும் மழைக்கும் மாறும். காயின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கும்பகோணம் சந்தைக்கென்றால் விளிம்பு மழுங்கி உருண்டிருக்கலாம். சென்னைக்கு விளிம்பு லேசாகத் தட்டுப்படும்போதே, முக்கால் விளைச்சலில் வெட்டணும். முதல் சீப்புக்கு மேலே ஒரு சாண் காம்பு விடுங்கள், தூக்க வசதி. வெயிலுக்கு முன்னால் வெட்டி, நிழலில் சருகு பரப்பி வையுங்கள். தரையில் போட்டு இழுத்தால் அடிபட்ட இடம் கறுத்துப்போகும், வியாபாரி அதைக் காட்டியே விலையைக் குறைப்பார்.